பகலாடி அன்று

பிப்ரவரி 26, திங்கள்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். வெளியே நல்ல வெயில், அறைக்குள் மட்டும் குளிர். கோத்தகிரியில் பிப்ரவரி இப்படித்தான்.

பள்ளிப் பிள்ளைகளுக்கான காட்டுயிர்ச் சொற்கோவை இன்னும் ‘ப’ வரிசையிலேயே நிற்கிறது. ஏப்ரலில் அச்சுக்குப் போக வேண்டும் என்று பிரகலாதன் சார் இன்றும் நினைவூட்டினார். எங்கள் அறக்கட்டளையின் இயக்குநர் அவர். கோபப்படாத மனிதர். அதனாலேயே அவர் எதையாவது கேட்டால் எனக்குப் படபடப்பு அதிகம். மார்த்தாண்டத்தில் தமிழாசிரியை வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் இங்கே எல்லோருக்கும் நான் டீச்சர்தான்; சுகிர்தா என்று கூப்பிடுவது அம்மா மட்டும், அதுவும் போனில்.

காலை முழுக்க ஒரே சொல்லோடு உட்கார்ந்திருந்தேன். பகலாடி. பகலில் நடமாடி, இரை தேடி, இரவில் உறங்கும் உயிர். மயில், அணில், மந்தி. எதிர்ச்சொல் இரவாடி. பிள்ளைகளுக்கு விளக்க வேண்டுமே என்று சொல்லைப் பிரித்துப் பார்த்தேன். பகு என்ற வினையிலிருந்து பகல். நாளைப் பகுத்ததில் ஒளிக்குக் கிடைத்த பங்கு. நுகத்தடியின் நடுவே செருகும் ஆணிக்கும் பழைய நூல்களில் பகல் என்றுதான் பெயர். இந்தப் பக்கமும் சாயாமல் அந்தப் பக்கமும் சாயாமல் நிற்பது. பிறகு ஆடி. நடனமாடுவது என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆடுதல் என்றால் இயங்குதல் என்றும் பொருள் உண்டு. நீராடுகிறோம், உரையாடுகிறோம், நடமாடுகிறோம்.

ஆங்கிலத்தில் இதற்கு உள்ள டையர்னல் என்ற சொல்லும் டைரி என்ற சொல்லும் லத்தீனில் நாளைக் குறிக்கும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று அகராதியில் பார்த்தபோது சின்னதாக ஒரு மகிழ்ச்சி. ஆனால் நம் சொல்தான் அழகு. அதில் உயிர் அசைகிறது.

பால் பாக்கெட் வாங்க வேண்டும். கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்ய வேண்டும்.

பிப்ரவரி 28, புதன்

சொற்கோவைக்கு நடுவில் வேறு வேலை. வெள்ளியருவி தேயிலை எஸ்டேட்டில் கரடி நடமாட்டம் கூடியிருக்கிறது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தை ஒட்டிய அம்மன் கோயிலில் விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுக் கதவையும் பெயர்த்துப் போட்டிருக்கிறது. எச்சரிக்கைப் பலகை மூன்று வைக்க வேண்டும், வாசகம் நீங்கள் எழுதுங்கள் என்றார் சார். இரண்டடிக்கு மூன்றடிப் பலகை. ஆறு வரிக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள்.

எழுதினேன்: ‘கரடி ஓர் இரவாடி, பகலாடி அன்று. மாலை ஆறு முதல் காலை ஆறு வரை தனியே நடக்காதீர்கள். வெளிச்சத்தோடும் பேச்சொலியோடும் செல்லுங்கள்.’ முதல் வரி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பிள்ளைகள் இரண்டு சொல்லையும் போகிற வழியில் கற்றுக்கொள்வார்கள்.

செவணன் அண்ணன் வந்தார். காட்டில் தானியங்கிக் கேமராக்களை வைத்து எடுத்து வருவது அவர் வேலை. பக்கத்து இருளர் ஊர்க்காரர், வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். பேச்சு குறைவு. பென்சிலால் எழுதிய ஒரு தாளைக் கொடுத்தார். கேமராவில் விழுந்தவற்றின் பட்டியல். பலகை வாசகம் அதற்குள் முடிந்துவிட்டது. தாளைச் சொற்கோவைக் கோப்பில் வைத்தேன்.

மார்ச் 1, வெள்ளி

வாசகம் பெயிண்டரிடம் போயிற்று. சிலிண்டர் வரவில்லை.

மார்ச் 6, புதன்

மூன்று பலகைகளையும் நட்டோம். நானும் ஜீப்பில் போனேன். மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து. தூரத்திலிருந்தே தெரிகிறது.

மூன்றாவது பலகை லயத்துக்குக் கீழே, தேயிலை பறிக்கிற காட்டுக்குப் பாதை பிரிகிற இடத்தில். அந்த நேரத்தில் ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகள் நிரோஷினி, கோத்தகிரியில் பத்தாம் வகுப்பு. தாய் தவமணி, கொழுந்து பறிக்கிறவர். இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம், பெயரிலேயே தெரிகிறது. அவர் பள்ளிக்கூடம் போனதில்லையாம். மகள் பலகையை உரக்கப் படிக்க, அவர் பலகையைப் பார்க்காமல் மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்றுன்னா அன்னைக்கு-ன்னுதானே மிஸ்? கரடி அன்னைக்குப் பகலாடியா?” என்று அந்தப் பெண் கேட்டாள். கெட்டிக்காரி. விளக்கம் சொன்னேன். இருவரும் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

நல்ல நாள்.

மார்ச் 14, வியாழன்

பதினொன்றரை மணிக்கு அலுவலகத்துக்குப் போன் வந்தது. வெள்ளியருவியில் பத்தே முக்காலுக்குக் கரடி ஒரு பெண்ணைத் தாக்கிவிட்டது. டீ குடிக்கிற இடைவேளையில் ஓடைப்பக்கம் தனியாகப் போயிருக்கிறார். உண்ணிச்செடிப் புதருக்குள்ளிருந்து வந்திருக்கிறது. மற்றப் பெண்கள் கத்திக்கொண்டு ஓடிப்போய்த் துரத்தியிருக்கிறார்கள். ஆம்புலன்சில் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

பெயர் தவமணி என்றார்கள். எந்தத் தவமணி என்று கேட்டேன். அந்தப் பெயர் வேறு யாருக்கும் இருக்கலாம் அல்லவா. பத்தாம் வகுப்புப் படிக்கிற மகள் இருக்கிறாள் என்றார்கள்.

பகல் பத்தே முக்கால்.

மார்ச் 15, வெள்ளி

இடது கண்ணைக் காப்பாற்ற முடியாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்களாம். தலையில் நிறையத் தையல். வலது முன்கை முறிந்திருக்கிறது. உயிருக்கு ஆபத்தில்லை.

எஸ்டேட்டில் ஆட்கள் கூடிக் கூண்டு வைக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். யாரோ என் பலகையைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். கரடி இரவில் வருகிற மிருகம் என்று படித்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள், பகலில் வருகிறதென்றால் இது வெறி பிடித்த கரடிதானே, பிடித்துக்கொண்டு போங்கள் என்கிறார்கள். கூண்டு வந்துவிட்டதாம்.

காலையில் சாப்பிட முடியவில்லை. மதியமும்.

மார்ச் 16, சனி

திரைச்சீலைகளைத் துவைத்தேன். ஜன்னல் கண்ணாடிகளைத் தாள் வைத்துத் துடைத்தேன். அலமாரியில் பழைய செருப்பு இரண்டு ஜோடி, வெளியே போட்டேன். சிலிண்டர் வந்தது. தூக்கி வைக்க ஆள் இல்லாமல் நானே உருட்டிக்கொண்டு வந்தேன்.

அம்மா போன் செய்தாள். கரடிச் செய்தியைப் பேப்பரில் பார்த்தாளாம், வெளியே போகாதே என்றாள். போக மாட்டேன் என்றேன்.

மார்ச் 18, திங்கள்

காலையில் கூட்டம். சார், நான், செவணன் அண்ணன், கணக்கு எழுதுகிற பெண். பலகையில் பகல் நடமாட்டத்தைப் பற்றி ஏன் எதுவும் இல்லை என்று வனத்துறையிலிருந்து கேட்டிருக்கிறார்கள். கேமராவில் எதுவும் விழவில்லையா என்று சார் செவணன் அண்ணனிடம் கேட்டார்.

விழுந்தது என்றார் அவர். குட்டி போட்ட கரடி, முதுகில் இரண்டு குட்டி, பகல் பத்தேகால், பத்தரை, பிற்பகல் மூன்று, ஓடைக்கரையிலேயே மூன்று தடவை. ராத்திரியில் ஆண் கரடியும் சிறுத்தையும் குட்டியைக் கொன்றுவிடும் என்ற பயத்தில் தாய் பகலில்தான் மேயும். “எழுதிக் குடுத்தேன் சார். டீச்சர் கையில.”

சார் என்னைப் பார்த்தார். மேஜை மேல் ஒரு டீ தம்ளர் இருந்தது. அதன் விளிம்பில் ஒரு சின்ன உடைசல்.

எனக்கு நினைவில்லை என்றேன்.

செவணன் அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. படங்களை மாத முடிவில் மொத்தமாகக் கணினியில் ஏற்றுவதுதான் இங்கே வழக்கம். அதனால் பிப்ரவரிப் படங்கள் அலுவலகத்துக்கு வந்ததே பலகை வாசகம் போன பிறகுதான். அவர் சொன்னாரா இல்லையா என்பதற்கு அந்தத் தாளைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. விசாரித்து முடிக்கிற வரைக்கும் நீங்கள் வேலைக்கு வர வேண்டாம் என்று சார் அவரிடம் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார்.

மார்ச் 19, செவ்வாய்

தாளைத் தேடினேன். கிடைக்கவில்லை.

‘ம’ வரிசை தொடங்கினேன். மந்தி, மரநாய், மிளா. ஒரு சொல்லுக்கும் விளக்கம் ஓடவில்லை. மனதில் வருகிற சொற்களெல்லாம் அல்லாடு, திண்டாடு, தள்ளாடு என்று வருகின்றன.

மார்ச் 20, புதன்

நான் தேடவில்லை என்பதே உண்மை. தாள் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இதே டைரியில் பிப்ரவரி 28-ஐத் திருப்பினால் யாருக்கும் தெரியும்.

இன்று கதவைச் சாத்திக்கொண்டு கோப்பைத் திறந்தேன். ‘ப’ வரிசைத் தாள்களுக்கு நடுவில் இருந்தது. தேதி, நேரம், இடம் எல்லாம் வரிசையாக எழுதி, கடைசியில் ஒரு வரி: ‘குட்டியோட இருக்கிற கரடி பகலிலும் வரும். ஓடைப் பக்கம் போக வேண்டாம்னு போடணும்.’

அன்றைக்கும் இதைப் படித்தேன். படிக்காமல் வைத்துவிட்டேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். படித்தேன். படித்துவிட்டு, இதைப் போட்டால் முதல் வரி நிற்காதே என்று நினைத்தேன். இரவாடி என்று சொல்லிவிட்டு அடுத்த வரியிலேயே பகலிலும் வரும் என்றால் பிள்ளைகள் குழம்புவார்களே என்று நினைத்தேன். இடமில்லை என்று செவணன் அண்ணனிடம் சொன்னேன். அவர் பலகை வாசகத்தை எட்டிப் பார்த்தார். “அப்ப அந்த மேல் வரிய எடுத்துட்டு இத போடுங்களேன்” என்றார். பார்க்கிறேன் என்றேன். இதை அன்று டைரியில் எழுதவில்லை.

தாளை மடித்துத் திரும்ப வைத்தேன்.

மார்ச் 21, வியாழன்

சார் தவமணியின் வீட்டுக்குப் பழமும் அறக்கட்டளையின் கடிதமும் என்னிடம் கொடுத்தனுப்பினார். போகாமலிருக்க ஏதாவது காரணம் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை.

வீட்டில் அவர் கணவர் யோகராஜா மட்டும் இருந்தார். எஸ்டேட் டிராக்டர் ஓட்டுகிறவர். கோயம்புத்தூருக்கும் இங்கேயும் அலைந்து கண்கள் சிவந்திருந்தன. உட்காரச் சொன்னார். மனைவிக்குத் துணையாக நிரோஷினி மருத்துவமனையிலேயே இருக்கிறாள். செவ்வாய்க்கிழமை பொதுத்தேர்வு தொடங்குகிறது, எழுத மாட்டேன் என்கிறாளாம்.

ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“போர்டுல போட்டிருக்கு, பகல்ல வராதுன்னு அவதான் அவங்கம்மாகிட்ட படிச்சுச் சொல்லியிருக்கா. அவ சொன்ன தைரியத்துலதான் அம்மாக்காரி தனியா போயிருக்கு. அதுக்கு முன்னாடி பொம்பளைங்க நாலு பேராத்தான் போவாங்க. நானும் ஆத்திரத்துல கேட்டுட்டேன், ‘ஒனக்கு ஒழுங்கா வாசிக்கத் தெரியுமா தெரியாதா’ன்னு.” அவர் கையிலிருந்த கடிதத்தைப் பிரிக்காமல் மடக்கினார். “அதுலேருந்து ஒரு புத்தகத்தையும் தொடல டீச்சர். மருந்துச் சீட்டு வாசிச்சுச் சொல்லுன்னு நர்சு சொன்னாக்கூட வேற ஆளக் கூட்டியாருது.”

டீ போட்டுக் கொடுத்தார். குடித்தேன். அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. இது நிஜமாகவே நினைவில்லை.

திரும்பி வரும்போது அந்த மூன்றாவது பலகையைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது. யாரோ சாணியை அடித்திருந்தார்கள். என் முதல் வரி மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

மார்ச் 6 அன்று ‘விளக்கம் சொன்னேன்’ என்று எழுதியிருக்கிறேன். என்ன சொன்னேன் என்று எழுதவில்லை. அன்று என்றால் இல்லை என்று பொருள் என்றேன். “அப்ப பகல்ல வராதா மிஸ்?” என்றாள். “வராது” என்றேன். செவணன் அண்ணனின் தாளைப் படித்து ஏழு நாள் ஆகியிருந்தது.

மார்ச் 22, வெள்ளி

காலை ஒன்பது மணிக்கு சாரின் அறைக்குப் போய்த் தாளை மேஜையில் வைத்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். “இது என்கிட்டதான் இருந்தது சார். படிச்சேன்” என்று மட்டும் சொன்னேன்.

அவர் தாளைப் படித்தார். திரும்பவும் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், ஒருவேளை ஆசைப்பட்டேன். எட்டு நாளாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். பயம் என்றேன். அவருக்கு அது போதவில்லை. எனக்கும் போதவில்லை. பிறகு வனத்துறை அலுவலருக்கு என் எதிரிலேயே போன் செய்து, அது குட்டியோடு இருக்கிற தாய், வெறி பிடித்த கரடி இல்லை, எங்கள் பலகை தவறு என்று சொன்னார். பிழையை எழுதியவர் யார் என்று அங்கே கேட்டார்கள் போல. “எங்கள் அலுவலகம்” என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

இந்த மாதத்தோடு என்னை நிறுத்திக்கொள்ளச் சொன்னார். சொற்கோவையை வேறு யாராவது முடிப்பார்கள். சரி என்றேன். முதலில் செவணனைப் போய்ப் பாருங்கள் என்றார்.

செவணன் அண்ணன் வீட்டுக்குப் பின்னால் பீன்ஸ் கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும் வரை குச்சியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அவர் மனைவி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“குடுத்தது நெசம்னு எனக்குத் தெரியும் டீச்சர்” என்றார். “ஆனா நாலு நாளா இவளே கேக்குறா, நெசமா குடுத்தியா, இல்ல குடுத்ததா நெனச்சுக்கிட்டியான்னு. நேத்து எனக்கே சந்தேகம் வந்துருச்சு.”

மன்னிப்புக் கேட்டேன். “கூண்டுல எர வச்சிருக்காங்களா?” என்று கேட்டார். வைத்திருக்கிறார்கள், நாளைக்கு எடுத்துவிடுவார்கள் என்றேன். நாளைக்கு என்றால் நேரமாகிவிடும், தாய் உள்ளே போனால் குட்டி இரண்டும் வெளியே நின்றே செத்துவிடும், இப்பவே கதவை மூடிக் கட்டச் சொல்லுங்கள் என்றார். என் போனிலிருந்தே அவரைப் பேச வைத்தேன். பேசி முடித்து போனை என் கையில் தராமல் திட்டின் மேல் வைத்தார். மறுபடி குச்சி நடத் தொடங்கினார்.

பிற்பகல் இரண்டரைக்குக் கூண்டுக் கதவைக் கட்டிவிட்டார்களாம். அந்தப் பக்கத்துக் காட்டில் இரண்டு மாதத்துக்குப் பறிப்பு இல்லை என்று எஸ்டேட் அறிவித்திருக்கிறது.

இன்னும் ஓர் இடம் பாக்கி இருக்கிறது.

மார்ச் 23, சனி

இன்றே போயிருக்க வேண்டும். பேருந்து நிலையம் வரை போய்த் திரும்பினேன்.

மார்ச் 24, ஞாயிறு

முதல் பேருந்தில் கோயம்புத்தூர். கீழே இறங்க இறங்க வெயில் ஏறியது. மருத்துவமனையில் பெண்கள் வார்டைக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆயிற்று.

தவமணிக்கு முகத்தின் இடது பக்கம் முழுக்கக் கட்டு. கை மாவுக்கட்டில். வலது கண்ணால் என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். “போர்டு டீச்சர்” என்றார். நிரோஷினி கட்டிலுக்குக் கீழே பாயில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்து நின்றாள். சரியாகத் தூங்கிப் பல நாள் ஆன முகம்.

தவமணியின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினேன். பலகையை எழுதியது நான் என்று ஆரம்பித்ததுமே அவர் இடது கையைத் தூக்கி நிறுத்தினார்.

“எங்கிட்ட அப்புறம் சொல்லலாம்” என்றார். வாயை அதிகம் திறக்க முடியாததால் ஒவ்வொரு சொல்லும் தனியாக வந்தது. “மொதல்ல அவகிட்ட சொல்லுங்க. அவளப் பாத்துச் சொல்லுங்க.”

திரும்பி உட்கார்ந்தேன். பதினைந்து வயதுப் பெண்ணின் முகத்தைப் பார்த்து, தாள் வந்தது, படித்தது, இடமில்லை என்று தள்ளியது, அவள் கேட்டபோது தெரிந்தே வராது என்று சொன்னது, பிறகு நினைவில்லை என்று பொய் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை நேரம் ஆயிற்றோ. பக்கத்துக் கட்டில்காரர்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

அவள் கையில் ஆரஞ்சுச் சுளை இருந்தது.

“நீங்க ‘வராது’ன்னு சொன்னீங்கல்ல?” என்றாள்.

“சொன்னேன்.”

“அந்த வார்த்தையே சொன்னீங்கல்ல? நானா நெனச்சுக்கலியே?”

“இல்லம்மா. அந்த வார்த்தையத்தான் சொன்னேன்.”

“நான் அப்பாகிட்ட சொல்லவே இல்ல மிஸ். டீச்சர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாங்க, நாந்தான் அன்றுங்கிறத தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு நெனச்சேன்.” சுளையைக் கீழே வைத்தாள். “பத்து நாளா அந்த ஒரு வரியையே மனசுக்குள்ள திருப்பித் திருப்பி வாசிச்சுட்டு இருக்கேன்.”

நான் ஏதோ சொல்லப் போனேன். அவள் தலையாட்டி வேண்டாம் என்றாள். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைக் கிழித்தாள். பேனாவையும் நீட்டினாள்.

“எழுதிக் குடுங்க. அப்பாவுக்குக் காட்டணும்.”

மடியில் வைத்து எழுதினேன். மூன்று ஆண்டுகளாகச் சொற்களுக்கு விளக்கம் எழுதுகிறவள், ஐந்து வரிக்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன்: ‘வெள்ளியருவி எஸ்டேட் பலகையில் கரடி பகலில் வராது என்ற பொருளில் எழுதியது நான். குட்டியோடு இருக்கும் கரடி பகலிலும் வரும் என்று எனக்கு முன்பே தெரியும். நிரோஷினி பலகையைச் சரியாகப் படித்தாள். பகலில் வராதா என்று கேட்டாள். வராது என்று நான் சொன்னேன்.’ கையெழுத்துப் போட்டேன். தேதி போட்டேன்.

வாங்கிப் படித்தாள். ஒவ்வொரு வரியாக, விரலை ஓட்டிக்கொண்டு. மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள். திரும்பி வரவில்லை.

தவமணி சீலிங் ஃபேன் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“ஒங்க மேல கோவம் இல்லன்னு நான் சொல்ல மாட்டேன்” என்றார். “கண்ணு போனது போனதுதான். ஆனா அவ இங்க கெடந்து காஞ்சு போறதப் பாக்கிறதுக்கு ஒரு கண்ணே அதிகமா இருந்துச்சு.”

கிளம்ப எழுந்தேன். அவர் கூப்பிட்டார். செவ்வாய்க்கிழமை காலையில் வர முடியுமா என்று கேட்டார். மகள் தேர்வுக்குப் போகிறாளா என்று தெரியாது. போனால் யோகராஜாதான் கூட்டிப்போக வேண்டும், அப்போது இங்கே ஒரு ஆள் வேண்டும். தங்கை சாயங்காலம்தான் வருவாள். வருகிறேன் என்றேன்.

மார்ச் 25, திங்கள்

அலுவலகத்தில் சாவியையும் கோப்புகளையும் ஒப்படைத்தேன். செவணன் அண்ணன் வேலைக்கு வந்துவிட்டார். வாசலில் எதிரே வந்தபோது ஒதுங்கி வழி விட்டார். முன்பெல்லாம் நின்று, சாப்பிட்டீங்களா என்று கேட்பார்.

பழைய பலகைகளைக் கழற்றிவிட்டார்கள். புதிதுக்குச் செவணன் அண்ணனிடமே வாசகம் கேட்டிருக்கிறார் சார்.

நிரோஷினி மலைக்குத் திரும்பினாளா என்று யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. யோகராஜாவின் எண் என்னிடம் இருக்கிறது. போன் செய்யவில்லை. அவளே எடுத்துவிட்டால் என்ன செய்வது?

மார்ச் 26, செவ்வாய்

மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி மூன்று. தவமணி தூங்குகிறார்.

எட்டரைக்கு வந்தேன். கட்டிலுக்குக் கீழே பாய் சுருட்டி வைத்திருந்தது. நிரோஷினி இல்லை. நேற்று மத்தியானம் அப்பாவோடு கிளம்பிப் போனதாகவும், தேர்வு எழுதுவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை என்றும் தவமணி சொன்னார். நோட்டுப் புத்தகங்களை மட்டும் பையில் எடுத்துப் போயிருக்கிறாள்.

தவமணியின் இடது கையை டிரிப்ஸ் ஊசியோடு அசைக்க முடியாமல் கட்டி வைத்திருந்தார்கள்; கஞ்சியை ஸ்பூனால் ஊட்டினேன். ஆறு வாய் குடித்தார். மணி என்ன என்றார். ஒன்பது ஐந்து. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். ஒன்பது பதினைந்து. நர்ஸ் வந்து கட்டு மாற்றினார். நான் வெளியே போய் நிற்கட்டுமா என்று கேட்டேன். இருங்கள் என்றார் தவமணி. இருந்தேன். பார்த்தேன்.

ஒன்பது நாற்பதுக்கு யோகராஜாவிடமிருந்து போன். தவமணியின் போனை நான்தான் எடுத்தேன். என் குரலைக் கேட்டு, டீச்சரா என்றார். பிறகு, “ஸ்கூல் கேட்டுக்குள்ள போயிட்டா. அதுகிட்ட சொல்லிருங்க” என்றார். வைத்துவிட்டார்.

சொன்னேன். தவமணி கண்ணை மூடிக்கொண்டார். மூடிய இமைக்கு அடியிலிருந்து நீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று. துடைக்க அவருக்குக் கை இல்லை. நான் துடைத்தேன். தலையை விலக்கவில்லை.

அதற்குப் பிறகு, கூண்டை எடுத்துவிட்டார்களா என்று கேட்டார். எடுத்துவிட்டார்கள் என்றேன். குட்டி இரண்டா என்று கேட்டார். இரண்டு என்றேன். “ம்” என்றார். பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு மருந்துச் சீட்டைப் படித்துச் சொன்னேன். காலையில் எதை, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று மறுபடி மறுபடி சரிபார்த்துச் சொன்னேன். ஜன்னல் வழியாக விழுந்த வெயில் தரையில் நகர்ந்துகொண்டே இருந்தது. பன்னிரண்டு மணிக்கு அது கட்டில் காலைத் தொட்டது. தேர்வறையில் அவள் எழுதுகிறாளா, வெறுமனே உட்கார்ந்திருக்கிறாளா என்ற நினைப்பு எனக்கு. அவருக்கும் அதுவாகத்தான் இருந்திருக்கும். ஏனென்றால் பன்னிரண்டுக்குப் பிறகு அவர் மணி கேட்பதை நிறுத்திவிட்டார்.

ஒன்றேகாலுக்கு நானாகச் சொன்னேன். “முடிஞ்சிருக்கும்.”

“வெளிய வந்து, செருப்பு மாட்டி, அவங்கப்பாகிட்ட வரட்டும்” என்றார். பத்து நிமிஷம் காத்திருந்தோம். அப்புறம், “போன் போடுங்க” என்றார்.

எண்ணைத் தட்டினேன். மணி போகத் தொடங்கியது.

“நீங்க பேசாதீங்க. எங்கிட்ட குடுங்க.”

அவரால் போனைப் பிடிக்க முடியாது. கட்டு இல்லாத பக்கத்துக் காதோரம் நான் பிடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் எடுத்தது அவள்தான். என்ன கேட்கிறாள் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்க முயலவும் இல்லை, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

“எல்லாக் கேள்வியும் வாசிச்சியா?” என்று தவமணி கேட்டார். பதிலைக் கேட்டுக்கொண்டார். “ம். ம்.” என்றார். “சாப்டியா?” என்றார்.

தாயும் மகளும் நெடுநேரம் பேசினார்கள். என் கை மரத்துப்போயிற்று. நான் கையை மாற்றவில்லை.